பகல் இரண்டு மணி மருந்து

என் மருந்துக்கு ஒரு நாளில் மூன்று வேளைகள்: காலை ஆறு மணி, பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி. ஒவ்வொரு வேளையும் ஐந்து மில்லி. ஊசி கழற்றிய சிறிஞ்சில் இழுத்து, கோப்பையில் விட்டு, கொஞ்சம் தண்ணீர் கலந்து குடிக்க வேண்டும். நிறமில்லாத, லேசாகப் பாகு பிடித்த மருந்து. முதலில் இனிக்கும், பிறகு நாக்கின் அடியில் நெடுநேரம் கசக்கும். பெயர் மெதடோன்.

கிளினிக்கில் ஏழு நாளைக்கு ஒரு போத்தல் தருவார்கள். போத்தலில் ஒட்டிய தாளில் மருந்தின் பெயர், என் பெயர், அளவு, நேரம் எல்லாம் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மரத்தின் கீழ் நின்று, விரலில் எச்சில் தொட்டு அந்தத் தாளை உரித்துவிடுவேன். பெயரில்லாத போத்தல்தான் வீட்டு அலுமாரிக்குள் போகும். மனைவிக்கும் அவளைப் பெற்ற மாமிக்கும் அது ‘கால் மருந்து’. நான் சொன்னது முழுப் பொய் அல்ல. பல வருடங்கள் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். பாதி உண்மையை எப்படி நிமிர்த்தி வைப்பது என்று எனக்குத் தெரியும்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, மூதூரிலிருந்து பயணிகள் படகான லோஞ்சில் திரும்பி வந்தபோது, லோஞ்சுக்கும் இறங்குதுறை ஜெட்டிக்கும் நடுவில் என் இடது கால் அகப்பட்டது. ஒரு அலை லோஞ்சை ஒரு தடவை தள்ளியது, அவ்வளவுதான். மூன்று சத்திரசிகிச்சைகள் நடந்தன. எலும்பு பொருந்தியது, நரம்பு பொருந்தவில்லை. கணுக்காலுக்குக் கீழே யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போன்ற நோவு. பிழிந்து முடிவதே இல்லை.

முதலில் ட்ரமடோல் என்ற நோவுக் குளிசை எழுதித் தந்தார்கள். பிறகு எழுதித் தர மறுத்தார்கள். பிறகு மீன் சந்தைக்குப் பின்னால் நிற்கும் ஒருவரிடம் அதையே வாங்கினேன். நோவுக்கு இரண்டு போடுவேன். நோவு வந்துவிடுமோ என்ற பயத்துக்கு நான்கு. ஒரு காலை குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். வீட்டில் பிரஷர் என்று சொல்லிவிட்டு, தனியாக டொக்டரிடம் போனேன்.

அவர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், வயதில் என்னைவிட இளையவர். மேசையில் ஒரு வெற்றுத் தாளை வைத்து, பேனையால் இரண்டு வட்டம் போட்டார்.

“ஐயா, உங்களுக்கு ரெண்டு வருத்தம் இருக்கு. ஒண்டு நோவு. மற்றது அந்தக் குளிசை. இந்த மருந்து ரெண்டுக்கும் சரிவரும். ஆனா ரெண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. குளிசையைத் தேடுற மனசை ஒருநாள் முழுக்கப் பிடிச்சு வைக்கும். நோவை ஆறு, மிஞ்சினா எட்டு மணித்தியாலம்தான். அதாலதான் மூண்டாப் பிரிச்சுத் தாறன்.”

நான் தலையாட்டினேன். அவர் பேனையைக் கீழே வைக்கவில்லை.

“நோவு திரும்பி வந்தவுடன மருந்து முடிஞ்சுபோச்செண்டு நினைப்பியள். முடிஞ்சிருக்காது. உடம்புக்குள்ள கிடக்கும். அதுக்கு மேல நீங்களா ஊத்தினா அடுக்கடுக்கா ஏறும். நித்திரையில மூச்சுக் குறைஞ்சு குறைஞ்சு நிண்டுபோகும். நோகாது. உங்களுக்குத் தெரியவும் மாட்டுது. விளங்குதோ?”

விளங்கியது. ஏழு வருடமாக நான் தேடியதும் அந்தச் சொல்தான்: நோகாது. அந்த வாரம் முழுவதும் படுக்கப் போகும்போது அது காதில் கேட்டது.

கிளினிக் ஆஸ்பத்திரியின் பின் கட்டடத்தில் இருந்தது. சுவரோரம் உட்கார நீண்ட வாங்கு. வாங்கு நிறைந்தால் வரிசை வெளியே வெயிலில் நீளும். ஊருக்குள் திரியும் மான்கள் வந்து காகிதம் மேயும். வரிசையில் பெரும்பாலும் இளைஞர்கள், பொடி, அதாவது ஹெரோயின், எடுத்துவிட்டு அதை நிறுத்த வந்தவர்கள். துறைமுகப் பக்கம் பொடியுடன் பிடிபட்டவர்களைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றும் நான்கு வரி. வயது, பிடிபட்ட இடம், பிடிபட்ட பொருளின் நிறை. இப்போது அவர்களுக்குப் பின்னால் நான் நின்றேன்.

ஒருநாள் என் மனைவியின் தம்பி தன் ஓட்டோவைக் கிளினிக் வாசல் படலைக்கு முன்னால் மெதுவாகத் திருப்பிக்கொண்டு போனான். எங்கள் பக்கம் பார்த்த மாதிரித் தெரியவில்லை. நான் முன்னால் நின்றவரின் முதுகுக்குள் ஒதுங்கினேன். அன்று இரவு சாப்பாட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. காணவில்லை என்று என்னை நானே நம்பவைத்தேன்.

எங்கள் வழக்கப்படி நான் இருப்பது மனைவியின் வீட்டில். நோன்பு மாதம் வர ஒரு கிழமை இருக்கும்போது, மாமி குசினியில் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருசம் மகனுக்கு நோன்பு பிடிக்க ஏலும்தானே? கால் ஆறிட்டுத்தானே.”

“ஓம் மாமி.”

போன வருடம் மூன்றாவது சத்திரசிகிச்சை முடிந்து காலில் கட்டு இருந்தது. யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, ஆனால் என்ன நோய் என்று சொல்ல வேண்டும். பகல் இரண்டு மணிக்குத் தவறாமல் குடிக்க வேண்டிய மருந்து என்ன என்று சொல்ல வேண்டும். அதைவிட நோன்பு பிடிப்பது எளிதாக இருந்தது. அத்தோடு, நோன்பு பிடிக்கிறவனைப் பொடி வரிசையில் நிற்கிறவன் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

அதே வாரம் டொக்டரும் கேட்டார். “நோன்பு வருது. பகல் மருந்தை என்ன செய்யப்போறியள்?”

“பிடிக்கமாட்டன், டொக்டர்.”

வெளியே வாங்கில் கிண்ணியாக்காரர் ஒருவர் என் பக்கத்தில் இருப்பார். கடற்தொழிலாளி, முன்பு பொடி எடுத்தவர். என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார். நோன்பில் மருந்தை எப்படிக் குடிக்கிறார் என்று அவரிடம்தான் கேட்டேன்.

“நான் விடிய முன்ன, ஸஹர் நேரம், ஒரே தடவை, காக்கா. பொழுது சாயும் வரைக்கும் ஒண்டும் தேடாது.”

“எனக்கு மூணு வேளை.”

“மூணு வேளையா? டொக்டர் உங்களப் பால்குடிப் புள்ளயெண்டு நினைச்சிட்டாபோல.” அவர் சிரித்தார். “மருந்து ஒண்டுதானே, காக்கா. ஒரே பெரிய போத்தல்லயிருந்துதானே எல்லாருக்கும் ஊத்துறாங்க.”

அவருக்கு ஒரு வருத்தம், எனக்கு இரண்டு. டொக்டர் போட்ட வட்டங்கள் எனக்கு நினைவிருந்தன. இருந்தும் அந்தப் பதிலைத்தான் எடுத்துக்கொண்டேன். ஸஹருக்குப் பத்து மில்லி, இரவு ஐந்து. மொத்தம் மாறவில்லை. மொத்தம் மாறாவிட்டால் ஒன்றுமே மாறவில்லை என்று நினைத்தேன்.

முதல் இரண்டு நோன்பும் நன்றாகவே போயின. மூன்றாம் நோன்பில், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு, கால் பிழியத் தொடங்கியது. அன்று நோன்பு திறந்து, பேரீச்சம்பழத்தின் கொட்டை வாயில் இருக்கும்போதே எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். ஐந்து மில்லி. இரவுக்குரியதை இப்போதே குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு மறுபடி குடித்தேன். பிறகு ஸஹருக்குப் பத்து. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. முழு நாளுக்குப் பரவியிருந்த மருந்து இப்போது பத்து மணித்தியாலத்துக்குள் சுருங்கிவிட்டது, ஒரு வேளை கூடியும் விட்டது. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாரம் முடிய முன் முடிந்துவிடும். எனக்கு அந்த நேரம் வந்த பயம் அதைப் பற்றியது மட்டும்தான்.

ஏழாம் நோன்பு ஸஹரில் எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. மாமி சின்ன மஞ்சள் குளிசை இரண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கிற குளிசை. போட்டால் நித்திரை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். நோன்பில் நித்திரை கொள்கிறவனை யாரும் குறை சொல்வதில்லை. வாங்கிப் போட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மனைவியிடம் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவள் ஒரே ஒழுங்கில் சொன்னாள்.

சுபஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தேன். பத்து மணியளவில் என் குறட்டை ஹோல் வரை கேட்டது. மாமி குசினிக் கதவைச் சாத்திவிட்டு அம்மியில் சத்தமில்லாமல் அரைத்தார். வாசலில் பந்து விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, உள்ளே நோன்பாளி தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பினார். வீடு முழுவதும் என் நித்திரையைக் காத்தது.

பகல் லுஹர்த் தொழுகைக்கு எழுப்ப மனைவி வந்தாள். குறட்டை மாறியிருந்தது. தண்ணீருக்கடியில் காற்று விடுவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நொடிமுள் பன்னிரண்டு நொடி போனது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்குப் பதினான்கு. என் உதடு நாவற்பழம் தின்றவனுடையதுபோல இருந்ததாகச் சொன்னாள்.

“உம்மா, இவர்ர மூச்சு சரியில்ல.”

“நோன்போட கிடக்கிற மனுசன், மகள். விடு. அஸருக்கு எழும்புவார்.”

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் பாதி திறந்து மூடியது. ஜக்கை எடுத்து முகத்தில் தண்ணீரை ஊற்றினாள்.

“வாய்க்குள்ள போகப்போகுது, புள்ள. நோன்பு முறிஞ்சிரும்.”

“நோன்பு முறிஞ்சாத் திரும்பப் பிடிக்கலாம், உம்மா. ஆள் முறிஞ்சா?”

மாமியே படலைக்கு ஓடி, ஓட்டோவோடு நின்ற தன் மகனைக் கூப்பிட்டார். மனைவி அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்து முக்காட்டுத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

ஓட்டோவில் நடந்தது எனக்குத் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. கன்னத்தில் அடி விழுந்தது. முன்னாலிருந்து மைத்துனன் தன் அக்காவுக்குச் சொல்லும் குரல் வந்தது. “கதைக்க வை, ராத்தா. நித்திரை கொள்ள விடாத.” கதைக்க வைக்க அவளுக்கு என்ன கிடைத்தது என்றால், ரயில். வேலைக் காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது நான் கொழும்பு ரயிலில் போய்வந்தவன்.

“கொழும்புக்குப் போறீங்க. ரயில் வெளிக்கிட்டுட்டு. முதல் ஸ்டேஷன் என்ன?”

“சீனக்குடா.”

“பிறகு?”

“தம்பலகாமம்.”

“பிறகு? இஞ்ச பாருங்க, பிறகு?”

“கந்தளாய்.”

“கந்தளாய்க்குப் பிறகு?”

எனக்குத் தெரியும். மஞ்சள் பலகையில் மூன்று மொழி எழுத்துகளும் தெரிந்தன. அதைச் சொல்வதற்கு ஒரு தேவையும் இல்லை என்று தோன்றியது. கால் நோகவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை. ஓட்டோவின் சத்தம் தூரமாகப் போனது. அவள் “கந்தளாய்க்குப் பிறகு, கந்தளாய்க்குப் பிறகு” என்று அழுவது கேட்டது. யாரோ ஒரு பெண் யாரையோ கேட்கிறாள் என்று இருந்தது. கொஞ்சமும் பயம் இல்லை. இன்றைக்கு என்னைப் பயப்படுத்துவது அதுதான்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் என் கண்ணிமையை உயர்த்தி வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.

“என்ன மருந்து எடுக்கிறவர்?”

மனைவி முக்காட்டுத் தலைப்பை அவிழ்த்துப் போத்தலைக் கொடுத்தாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் உரித்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. மணந்து பார்த்தார்.

“இதில பெயர் இல்லையே. இது என்ன?”

“கால் மருந்து.”

“கால் மருந்தெண்டா? பெயர் தெரியாதா? யார் தந்தது?”

ஏழு வருடம் என் காலைக் கழுவித் துடைத்தவளுக்கு அந்த ஒரு பெயர் தெரியாது. அப்போது வாசலில் நின்ற மைத்துனன் உள்ளே வந்தான்.

“டொக்டர், இவர் பின் கட்டடத்து வரிசையில நிக்கிறவர். பொடி விட்ட ஆக்கள் மருந்து குடிக்கிற வரிசை. நான் கண்டிரிக்கன். ஏழெட்டு மாசமா.”

டொக்டர் போத்தலை வைத்துவிட்டுத் தாதியிடம் ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார்.

அந்த ஊசி என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. உடம்புக்குள் கிடந்த மெதடோனை அது ஒரே நிமிடத்தில் தள்ளி வைத்தது. லோஞ்சும் ஜெட்டியும் மறுபடி என் காலை நெரித்தன. தோல் முழுவதும் கூசியது, ஸஹர்ச் சாப்பாடு முழுவதும் வெளியே வந்தது. நான் டொக்டரைத் தூஷணத்தில் ஏசியதாகச் சொன்னார்கள். அவர், “நல்லம், கதைக்கிறார்” என்றாராம்.

ஊசியின் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும். மெதடோன் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். அதனால் ஊசி முடிய முடிய நான் மறுபடி அமிழ்ந்தேன், அவர்கள் மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் வரை நெஞ்சில் வயர்களுடன் கிடந்தேன். விழிப்பு வரும்போதெல்லாம் மனைவியின் கை என் வயிற்றில் இருந்தது. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற கை.

“என்னத்துக்கு ஒளிச்சீங்க?” என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“பயத்தில.”

“நான் கண்ட பயத்த நீங்க காணல்ல” என்றாள்.

மைத்துனன் பிற்பகல் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நோன்பினால் அவன் உதடு காய்ந்திருந்தது.

“எப்ப இருந்து தெரியும்?” என்றேன்.

“மரத்துக்குக் கீழ நிண்டு லேபல உரிப்பீங்களே, மச்சான். அப்ப இருந்து.”

“கேட்டிருக்கலாமே.”

“நீங்க பேப்பர்க்காரர். கேட்டா இன்னொரு கதை சொல்லுவீங்க. அதையும் நான் நம்போணும்.” அவன் தன் கைகளைப் பார்த்தான். “அந்தப் பொடியன்மார் குடிக்கிற மருந்துதானே?”

“ஓம்.”

“காலுக்கும்தானே?”

“ஓம். காலுக்கும்தான்.”

அவன் தலையாட்டினான். வெளியே ஓட்டோவைப் பிழையான இடத்தில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி எழுந்து போனான்.

கிளினிக் டொக்டர் ஏசவில்லை. நடந்ததை நாள் நாளாகச் சொல்லச் சொன்னார். மஞ்சள் குளிசையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

“எனக்கு ஏன் பொய் சொன்னனியள், ஐயா? பிடிக்கப்போறன் எண்டு சொல்லியிருந்தா, என்ன ஏலும், என்ன ஏலாது எண்டு இருந்து கதைச்சிருக்கலாம்.”

அளவைக் குறைத்து முதலிலிருந்து தொடங்கினார். ஏழு நாள் போத்தல் நின்றுபோனது. இப்போது தினமும் காலையில் ஜன்னலுக்கு முன்னால் நின்று தாதியின் கண்ணெதிரில் குடிக்கிறேன். பகலுக்கும் இரவுக்கும் இரண்டு சின்னப் போத்தல்கள். அவற்றை மனைவியின் கையில்தான் கொடுக்கிறார்கள். பூட்டுப் பெட்டி, திறப்பு அவளிடம். “லேபலை உரிச்சிருந்தா நான் திரும்பத் தரமாட்டன்” என்று டொக்டர் அவளிடம் சொன்னார், என்னிடம் அல்ல.

கிண்ணியாக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாங்கில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

மிச்ச நோன்பு எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ஏழை வீட்டுக்குத் தினமும் சோறு போனது, மாமியே கட்டிக் கொடுத்தார். பகல் இரண்டு மணிக்கு, கஞ்சிக்கு இஞ்சி சீவுகிற நேரத்தில், நான் குசினிக்குள் போய் மனைவி அளந்து தருவதைக் குடித்தேன். முதல் நாள் மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நோன்பு நேரத்தில் அவர் குசினியில் ஒரு ஆம்பிளை தண்ணீர் குடிப்பதை அதற்கு முன் அவர் கண்டிருக்கமாட்டார். நான்காம் நாள் நான் போகும்போது தண்ணீர்க் கோப்பை தயாராக இருந்தது, ஈ விழாமல் மேலே ஒரு பீரிஸ் தட்டு மூடி. முகத்தைத் திருப்புவது மட்டும் நிற்கவில்லை.

நோன்பு முடிந்து பெருநாளும் போய்விட்டது. இரண்டு மணி மருந்து நிற்கவில்லை. நிறுத்தினால் நோவு வரும், நோவு வந்தால் மீன் சந்தைக்குப் பின்னால் நிற்கிறவர் நினைவுக்கு வருவார். மருந்தும் பயம், மருந்து இல்லாததும் பயம். இரண்டுக்கும் நடுவில் குடித்துவிட்டுப் படுக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதினால் கேட்கிறேனா என்று என்னையே பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றரைக்கும் நான்குக்கும் நடுவில், மருந்து நன்றாக ஏறியிருக்கிற நேரம், மனைவி அறை வாசலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். கை கதவு நிலையில் இருக்கும்.

“கந்தளாய்க்குப் பிறகு?”

“அக்போபுர” என்பேன். அவள் குசினிக்குத் திரும்புவாள்.

சில நாட்களில் கேள்வி கேட்கும், பதிலும் தெரியும், நாக்கு மட்டும் கொஞ்சம் பிந்தும். நேற்று அப்படிப் பிந்தியது. கண்ணைத் திறக்காமலே, அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கத் திரும்புவது எனக்குக் கேட்டது.